கள்ள நம்பரும் உள்ள நம்பரும்

1. ரப்பர் தோட்டத்தில் ஒரு போட்டு

வயர்லெஸ் அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு மீன்பிடி போட்டைக் கொண்டுபோய்க் குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் நிறுத்திய பெருமை எனக்கு உண்டு.

அதற்கு முன்பு நான் ஐஸ் பிளாண்டில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரும்புயல் எங்கள் கரையில் பல வீடுகளின் ஆண்களைக் கொண்டுபோன பிறகு, ஆழ்கடலில் நிற்கும் போட்டுகளோடு பேசக் கரையில் ஓர் ஆள் வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறையில் வயர்லெஸ் செட்டை வைத்து, கூரைமேல் உயரமாக ஏரியல் நட்டார்கள். எப்போதும் கரையில் இருக்கிற ஆள் வேண்டும், சத்தமாகப் பேசுகிற ஆள் வேண்டும். என் பெயரைச் சொன்னவன் என் தம்பி கிளீட்டஸ். "எங்க ரெஜினா அக்கா பேசினா செட்டே வேண்டாம், கடல்ல நேரடியா கேக்கும்" என்றானாம்.

வேலை கேட்க எளிதாக இருந்தது. தினமும் காலையில் ஒவ்வொரு போட்டின் ஸ்ராங்கும் தான் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் நம்பராகச் சொல்வார். போட்டை நடத்துகிறவரை எங்கள் கரையில் ஸ்ராங்கு என்போம். எங்கே தூண்டில் போடுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். நான் அந்த நம்பரைச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் தேடி, போட்டின் பெயர் எழுதிய குண்டூசியைக் குத்த வேண்டும்.

'கடலரசி' போட்டின் ஸ்ராங்கு அல்போன்ஸ் அண்ணன் ஒரு நம்பர் சொன்னார். தேடிப் பார்த்தால் அது கடலிலேயே இல்லை. நம் மாவட்டத்துக்குள், மலையடிவாரத்தில் வந்து நின்றது.

"அண்ணே, நீங்க சொன்ன எடத்துல கடல் கிடையாது. குலசேகரமாக்கும் வருது. அங்க ரப்பர் பால் வெட்டுதியளா?" என்று கேட்டேன்.

எல்லாப் போட்டும் கேட்கிற சேனல் அது. கடல் முழுவதும் சிரித்தது. அல்போன்ஸ் அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு நம்பர் மாறிப்போச்சு பிள்ள, இத எழுது" என்று வேறொன்றைச் சொன்னார். அது கடலில் இருந்தது. அதுவும் பொய் என்று எனக்குப் புரியச் சில வாரம் ஆயிற்று. அவருக்கு மட்டும் குலசேகரத்து ஸ்ராங்கு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

புதிதாகச் செட்டில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலில் எந்த ஸ்ராங்கும் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல மாட்டார். சொன்னால் மறுநாள் விடிவதற்குள் அவரைச் சுற்றி ஊர்ப்பட்ட போட்டுகள் வந்துவிடும். அதனால் காற்றில் விடுவதற்கு ஒரு கள்ள நம்பர், மனசுக்குள் வைத்துக்கொள்ள நிஜமான ஓர் உள்ள நம்பர். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. உள்ளதைச் சொல்கிறவரைத்தான் விவரம் போதாதவர் என்பார்கள்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். மீன் கடிக்கத் தொடங்கியதும் செட்டையே அணைத்துவிடுவார்கள். இதில் என் தம்பிதான் முதல் ஆள். அவன் நடத்திய போட்டின் பெயர் 'ஜெபமாலை'. அவனையும் சேர்த்துப் பத்துப் பேர் அதில் போவார்கள்.

"ஏலே, செட்ட அணைக்காத. நான் கூப்பிட்டா கேக்காண்டாமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அக்கா, செட்டு ஓன்ல கிடந்தா எவனாவது கூப்பிடுவான். பதில் சொன்னா, சத்தத்த வச்சே நான் கிட்ட நிக்கேனா தூர நிக்கேனான்னு கண்டுபிடிச்சிருவானுவ. எடம் போச்சுன்னா பத்து வீட்டுலயும் அடுப்பு எரியாது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

2. பதில் இல்லாத போட்டு

மழைக்காலம். கரையில் ஒரு ஓலை அசையவில்லை. வாட்ஸப்பில் மட்டும் புயல் வந்துவிட்டது.

எப்போதும் வருகிற வதந்தி இல்லை இது. மீன்துறையிலிருந்து போன் வந்தது, சங்கத்துக்கு அறிவிப்பும் வந்தது. அரபிக்கடலில் காற்றழுத்தம் வலுத்துப் புயலாகிறது, எல்லாப் போட்டும் உடனே பக்கத்துத் துறைமுகத்துக்கு ஒதுங்க வேண்டும். நான் ஒவ்வொரு போட்டாகக் கூப்பிட்டேன். அன்று செட்டு வெகுதூரம் நன்றாக இழுத்தது. எட்டாத போட்டுக்கு நடுவில் நின்ற போட்டுகள் சேதியைக் கைமாற்றிக் கொடுத்தன. எல்லாரும் பதில் சொன்னார்கள், ஜெபமாலையைத் தவிர.

"ஜெபமாலை, ஜெபமாலை, கரை கூப்பிடுது." பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். இல்லை.

கடலோரக் காவல்படையிலிருந்து ஓர் அதிகாரி போனில் வந்தார். "மேடம், அந்த போட் கடைசியா சொன்ன பொசிஷன் கரெக்ட்தானா? விமானம் அனுப்பணும்."

கரெக்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவன் சொன்னது அதுதான் சார். நிக்கிறது எங்கன்னு தெரியாது."

"புரியலையே மேடம்."

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அந்த நம்பரின் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்த ஒரு போட்டிடம் பார்க்கச் சொன்னேன். "இஞ்ச ஒரு கட்டைகூட மிதக்கல்ல அக்கா" என்றார்கள். எனக்கு இருக்கிற ஒரே தம்பி அவன்.

அவன் மனைவி ஷீபா ஓடிவந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

"மைனி, அவரு எங்க நிக்காருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் பெஞ்சாதி. ஒனக்கிட்டயும் சொல்லல்லியா?"

"அவரு சந்தைக்குப் போனாலே எந்தக் கடையில வாங்கினேன்னு சொல்ல மாட்டாரு மைனி" என்றவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் மைக்கை எடுத்தேன். "எல்லா போட்டும் கேளுங்க. ஜெபமாலை எங்க நிக்கும்னு உள்ளது தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருப்பிய. தயவு செஞ்சு சொல்லுங்க."

செட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரும் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் இடம் தெரிந்தவர் யாராக இருந்தாலும், அவரும் அதே இடத்தில் ஒளிந்து தூண்டில் போடுகிறவராகத்தான் இருப்பார். வாயைத் திறந்தால் இரண்டு பேர் பிழைப்பும் வெளியே வந்துவிடும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏலே, மீன ஒளிச்சு வைக்கிய, சரி. பத்து ஆளையுமா ஒளிச்சு வைப்பிய?" என்று கத்தினேன்.

பிறகு ஒரு குரல். "ரெஜினா, அல்போன்சாக்கும். எழுது."

அல்போன்ஸ் அண்ணனுக்கும் என் தம்பிக்கும் பேச்சே கிடையாது. ஒரு பருவத்தில் இருவருடைய தூண்டில் கயிறுகளும் கடலில் சிக்கிக்கொண்டன. யார் கயிற்றை யார் வெட்டியது என்று தொடங்கிய சண்டை, கோயிலில் ஒரே வரிசையில் உட்காராத அளவுக்கு வளர்ந்திருந்தது.

"அண்ணே, வேற சேனலுக்கு வாருங்க" என்றேன். அவர் ரகசியத்தை நானாவது காப்பாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

"வேண்டாம். எல்லாவனும் கேக்கட்டு. நான் நிக்க எடத்துலேருந்து போய்ச் சேரியதுக்குள்ள காத்து வந்துரும். எவன் கிட்ட நிக்கானோ அவன் போகட்டு."

நம்பரை இரண்டு முறை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தண்ணீருக்கடியில் மேடாக எழும் ஒரு பார். மீன் கூடுகிற இடம். பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த இடத்தை அவர் கடலில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்.

நான் அந்த இடத்தில் ஊசியைக் குத்தினேன். சுற்றிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு போட்டும் இல்லை. எல்லா ஊசியும் வெகுதூரத்தில் நின்றன. ஷீபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரைபடத்தின் பக்கமே திரும்பி நின்றுகொண்டேன்.

அப்போது இன்னொரு இளம் ஸ்ராங்கின் குரல். "அக்கா, ரீகனாக்கும். காலைல நான் சொன்ன நம்பர மாத்தணும்."

"இப்பவாலே?"

"நான் மங்களூருக்கு நேரா நிக்கல்ல அக்கா. அல்போன்ஸ் அண்ணன் சொன்ன எடத்துக்கு வடக்க, கிட்டதான் நிக்கேன். இந்தா போறேன்."

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி ஆயிற்று. "அக்கா, எனக்கதும் மாத்து." "பிள்ள, எனக்க நம்பர் தப்பு, இத எழுது." "யக்கா, நானும் சொன்னது கள்ளமாக்கும்." கொச்சிக்கு நேராக நின்றவர் லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். எதிரெதிர்த் திசையில் நிற்பதாகச் சொன்ன இரண்டு ஸ்ராங்குகள், ஒருவர் குழம்பு வைத்தால் மற்றவருக்கு மணக்கும் தூரத்தில் நின்றார்கள். நான் ஊசிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றிக் குத்தினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, சிரிப்பும் வருகிறது. அத்தனை நாள் வேலை பார்த்து, எங்கள் போட்டுகள் நிற்கிற கடலை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

காவல்படை அதிகாரிக்கு உள்ள நம்பரைச் சொல்லிவிட்டு, மறுபடி ஜெபமாலையைக் கூப்பிட ஆரம்பித்தேன். கேட்காது என்று தெரிந்தும் நிறுத்த மனம் வரவில்லை. ஷீபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

அங்கே நடந்ததை ரீகன் பிறகு சொன்னான். ஜெபமாலைக்கு ஒரு கேடும் வந்திருக்கவில்லை. தூண்டில் நிறையக் கேரச்சூரை மீன் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரீகனின் போட்டைப் பார்த்ததும் கிளீட்டஸ் கொதித்துவிட்டான்.

"ஏலே, இந்த எடத்த ஒனக்கு எவன் சொன்னான்?"

"சண்டைய கரையில போடலாம் அண்ணே. புயல் வருது. கயிற வெட்டிட்டு வாரும்."

"புயலா? நல்ல வேல காட்டுதியலே. நான் கயிற வெட்டிட்டு ஓடணும், நீ நின்னு மீன அள்ளணும், இல்லியா?"

தினமும் பொய் கேட்டுப் பழகிய காது அது. பக்கத்தில் வந்து உண்மையைச் சொன்னாலும் ஏறவில்லை. ரீகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வானத்தைக் காட்டினான். மேகம் என்றைக்கும்தான் வரும் என்றான் கிளீட்டஸ். கடைசியில் ரீகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்க வாக்க நம்பாண்டாம். ஓமக்க செட்டப் போட்டு ஓமக்க அக்காக்கிட்ட கேளும்."

கிளீட்டஸ் செட்டைப் போட்டான். "ஜெபமாலை, ஜெபமாலை" என்று தொண்டை கட்டிய குரலில் நான் கத்திக்கொண்டிருந்தேனாம். நடுநடுவே இருமினேனாம். ரீகனின் போட்டுதான் அவன் பேச்சை எனக்குக் கைமாற்றிக் கொடுத்தது.

அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, புயல் உண்டா?"

"உண்டுலே. வெட்டிட்டு ஓடு."

"உள்ளதா அக்கா?"

"எனக்க வாயில என்னைக்காவது கள்ளம் கேட்டிருக்கியாலே?"

அவன் கயிற்றை வெட்டினான். மீனோடும் தூண்டிலோடும் மொத்தமும் கடலுக்குள் போனது. இரண்டு போட்டும் சேர்ந்து லட்சத்தீவுப் பக்கம் ஓடின. பிறகு காற்று வந்தது. அந்தப் பார் இருந்த இடத்தின் மேல்தான் வந்தது. தீவின் மறைவில் நங்கூரமிட்டிருந்தபோதே போட்டில் நிற்க முடியவில்லை என்றார்கள். பத்துப் பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கரையில் இறங்கியதைப் பார்த்தபோது நான் ஒருவரையும் கட்டிப்பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

3. கள்ளத்துக்கு ஓர் ஒழுங்கு

அடுத்து சங்கக் கூட்டம். கிளீட்டஸ் எழுந்து நன்றி சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"காப்பாத்தினது சரிதான். ஆனா எனக்க எடத்த ஊருக்கே சொன்னது நியாயமா?"

"ஒனக்க எடமா?" அல்போன்ஸ் அண்ணன் எழுந்துவிட்டார். "எங்க அப்பன் எனக்குச் சொன்ன எடமாக்கும் அது."

"ஓமக்க அப்பன் எங்க அப்பனுக்கப் பின்னால வந்து கண்டுபிடிச்சது!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஷீபா எழுந்தாள். "ரெண்டு அப்பனும் கல்லறைத் தோட்டத்துல அடுத்தடுத்துதான் கிடக்கியாவ. அங்க போய்க் கேட்டுக்கிடுங்க. இஞ்ச வேற சோலி உண்டு."

மண்டபம் அடங்கியது. தலைவர் ஒரு தீர்மானம் வாசித்தார். இனிமேல் எல்லாரும் உள்ள நம்பரைத்தான் சொல்ல வேண்டும், மீறினால் அபராதம். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். துறைமுக வாயிலைத் தாண்டும்வரைதான் அதற்கு ஆயுசு.

நான் எழுந்தேன். "நீங்க கள்ளமே சொல்லுங்க. ஆனா எவ்வளவு கள்ளம் சொல்லப் போறியன்னு எனக்கிட்ட முன்னாலயே சொல்லிட்டுப் போங்க."

முதலில் சிரித்தார்கள். விளக்கிச் சொன்னேன். ஒவ்வொரு ஸ்ராங்கும் கடலுக்குப் போகும் முன்பு என்னிடம் மட்டும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். உள்ள நம்பரோடு எவ்வளவு கூட்டுவார், எவ்வளவு குறைப்பார் என்பதுதான் அது. காற்றில் வருவது கள்ள நம்பராகவே இருக்கட்டும். நான் அந்தக் கணக்கைக் கழித்து உள்ள இடத்தில் ஊசி குத்திக்கொள்வேன். வரைபடத்துக்குத் திரை, அறைக்குப் பூட்டு, சாவி என்னிடம். அதோடு ஒரே ஒரு நிபந்தனை. பேச இஷ்டமில்லாவிட்டால் பேச வேண்டாம், ஆனால் செட்டை அணைக்கக் கூடாது.

முதலில் வந்து காதில் கணக்குச் சொன்னவர் குலசேகரத்து ஸ்ராங்கு அல்போன்ஸ் அண்ணன். பின்னாலேயே மற்றவர்கள் பலரும் வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் கஷ்டமான பங்கு செட்டில் உட்காருகிறவளுக்குத்தான். மீன் எங்கே இருக்கிறது என்று கரையில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். உங்களுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் அதிகமாவார்கள். ஒரு போட்டு உரிமையாளர் முழு நெய்மீன் ஒன்றை வீட்டுக்கு அனுப்பினார். எதற்கு என்று தெரிந்ததால் திருப்பி அனுப்பினேன். அருமையான மீன், அந்த வருத்தம் இன்றைக்கும் உண்டு. சொந்தத் தம்பியே போனில் கெஞ்சினான். "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு அக்கா, போதும்." நான், "தெக்க கடல் உண்டு, மேக்கயும் கடல் உண்டு மக்கா" என்று போனை வைத்துவிட்டேன்.

ஒருமுறை ஒரு போட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. திரையை விலக்கிப் பார்த்தால் அதிக வேகமுள்ள போட்டு ஒன்று பக்கத்திலேயே நின்றது. நேராகப் போய் அவரை ஏற்றித் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். இப்போது கரையில் வலை பின்னிக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் வம்பு பேசிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

4. ஓன்ல உண்டு

இப்போது சில போட்டுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்திவிட்டார்கள். நல்லது. அது தானாகவே இடத்தைக் காட்டும். ஆனால் கயிற்றை வெட்டு என்று அது சொன்னால் ஒருவனும் வெட்ட மாட்டான். அதற்கு, ஒருநாளும் பொய் சொல்லாத குரல் ஒன்று கரையில் இருக்க வேண்டும். அவர்கள் என்ன கள்ளம் வேண்டுமானாலும் சொல்லட்டும். நீங்கள் சொல்லாதீர்கள். காற்று இவ்வளவு என்றால் அவ்வளவே சொல்லுங்கள். பயமுறுத்த ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், சமாதானப்படுத்த ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். இந்த வேலையில் நான் கற்றது இதுதான்.

கடைசிவரை கணக்குச் சொல்லாமல் இழுத்தடித்தவன் கிளீட்டஸ்தான். அக்காவாக இருந்தாலும் மனசு வரவில்லை. ஒருநாள் ஐஸ் ஏற்றி, போட்டு கிளம்பும் நேரத்தில் திரும்ப ஓடிவந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

சில நாள் கழித்துக் காலையில் அவன் குரல் வந்தது. கூசாமல் ஒரு கள்ள நம்பரைச் சொன்னான். நான் கணக்கைக் கழித்து ஊசியைக் குத்தப் போனால், அந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் ஊசி இருந்தது. கடலரசி. அல்போன்ஸ் அண்ணன் அரைமணி நேரம் முன்புதான் தான் கொல்லத்துக்கு நேராக நிற்பதாக எல்லாருக்கும் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒரே பாரில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஜெபமாலை ஊசியைக் கடலரசியை இடித்துக்கொண்டுதான் குத்த முடிந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் மைக்கில், "எழுதியாச்சு ஜெபமாலை" என்று மட்டும் சொன்னேன்.

"அக்கா" என்றான். "இனி பேச மாட்டேன். மீனு கடிக்குது."

"பேசாண்டாம்."

"செட்டு ஓன்ல உண்டு, கேட்டியா?"

"கேட்டேன் மக்கா" என்றேன்.